வாசல் பலகையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்புகள் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வருகின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகளும் கூட வரும் பெற்றோரும் அங்கே முதலில் விசாரிப்பது "பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?" என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது விட்டுப்போகிறது: யாருடைய ரோலில், அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில், சேர்க்கிறார்கள்? தொழிற்சாலைப் பணியாளர் பிரிவில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குகளோடு பழகியவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்கினால் கணக்கு வரும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, பெரிய கம்பெனி நம்ம ஊருக்கே வருகிறது என்ற பேச்சு வாலாஜா முதல் அரக்கோணம் வரை கேட்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பொதுவாகப் பெரிய ஆலை எதுவானாலும் ஒரே லைனில் பலவிதமான ஆட்கள் நிற்பார்கள். கம்பெனியின் சொந்த ரோலில் இருப்பவர், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர், அப்ரன்டிஸ், டிரெய்னி, ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர் என்று. வேலை ஒன்றுதான். ஐந்து வருடம் கழித்து அவரவர் கையில் மிஞ்சுவது வேறு வேறு.

முகாமில் பெரிய பேனருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் பல நேரம் ஒப்பந்ததாரரின் ஆளாக இருப்பார். நியமனத் தாளின் தலைப்பில் யார் பெயர், கையெழுத்துக்குக் கீழே யார் முத்திரை என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. அந்த நாள் கணக்கு நிறையும் முன் பெயரை எடுத்துவிட்டு, சில நாள் வீட்டில் உட்காரவைத்து, வேறொரு ஒப்பந்ததாரர் பெயரில் அதே மெஷினில் நிறுத்துவது பழைய உத்தி. இதில் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய தொடர் சேவை அறுந்துபோகிறது, பி.எஃப்.-இல் ஒரே ஆளுக்கு மூன்று, நான்கு உறுப்பினர் எண்கள் சேர்ந்துவிடுகின்றன. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்காமல் போனால் ஆலை நிர்வாகமே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இது தெரிந்து கேட்பவர்கள்தான் குறைவு.

அப்ரன்டிஸையும் டிரெய்னியையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அப்ரன்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகும், உதவித்தொகை வரும், முடிவில் தேர்வு எழுதித் தேசிய அளவிலான சான்றிதழ் வாங்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்காது, சட்டமே அப்படித்தான். அரக்கோணம் போன்ற ரயில்வே பணிமனைகளில் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தப் பதிவு எண் எதுவும் காட்டாமல் "ஒரு வருஷம் டிரெய்னி, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் இடத்தில், அந்த "அப்புறம்" எழுத்தில் வரும்வரை நம்ப வேண்டாம்.

இனி கணக்கு. மாதம் 19,500 என்று முகாமில் சொல்லும் ஒரு வேலையைப் பிரித்துப் பார்ப்போம். இதில் மொத்தச் சம்பளம் 16,000. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. மீதி எங்கே? நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 520. போனஸ் 8.33 சதவீதம், சுமார் 1,000. பணிக்கொடைக்கு ஒதுக்குவதாகக் காட்டும் 4.81 சதவீதம், 577. எல்லாம் கூட்டினால் 19,537. கைக்கு வருவது எவ்வளவு? 16,000-இல் ஊழியர் பங்கு பி.எஃப். 1,440-உம் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமான 120-உம் போய் 14,440. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் இறங்கும். போனஸ் தீபாவளிக்குத்தான். பணிக்கொடை வழக்கமாக ஐந்து ஆண்டு முடித்தவருக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட காலப் பணியாளருக்கு மட்டும் ஓராண்டிலேயே உண்டு. நிரந்தர ரோலில் சேர்ந்து மூன்றாம் வருடம் விலகுகிறவர், அந்த 577-ஐத் தன் சம்பளத்தில் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது வீண்.

எதிர்ப்பக்கம், சிப்காட் ஓரத்துப் பட்டறை முதலாளி "பதினாறாயிரம், முழுசா கையில" என்கிறார். மாதம் 1,560 ரூபாய் கூடுதல். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் வேலையில் பி.எஃப். சேமிப்பில் மாதம் 1,880 சேர்கிறது: ஊழியர் பங்கு 1,440, நிறுவனப் பங்கில் 440. நிறுவனப் பங்கின் மீதி 1,000 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. வருடத்துக்கு 22,560 சேமிப்பு. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். இது போக, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு இதே கணக்கோடு ஒட்டிவருகிறது, ஊழியர் ஒரு பைசா கட்டாமல்.

சிறிய நிறுவனம் என்றாலே இவை கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை, இருபது பேர் இருந்தால் பி.எஃப்., போனஸ். அதனால்தான் சில வருகைப் பதிவேடுகள் ஒன்பதிலும் பத்தொன்பதிலுமே பல வருடம் நிற்கின்றன. ஷிஃப்ட் விடும்போது வாசலில் வெளியே வரும் பைக்குகளை எண்ணினால் பதிவேட்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஒன்பது பேர் பட்டறையில் 16,000 வாங்குபவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இவர் வருமானம் 1,92,000. ஆக இ.எஸ்.ஐ.-யும் இல்லை, அரசுக் காப்பீடும் இல்லை. இப்படிப்பட்டவர் சேர்ந்த வாரமே வங்கியில் வருடம் 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீட்டையும் 436 ரூபாய் கட்டும் ஆயுள் காப்பீட்டையும் எடுத்துவிட வேண்டும்; இரண்டிலும் 2 லட்சம் வரும். கையில் கூடுதலாக வரும் 1,560-ஐ அஞ்சலகத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போட்டால்தான் இரண்டு வேலைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியும். செலவழித்துவிட்டு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இ.எஸ்.ஐ.-யின் மதிப்பு கைக்கு அடிபட்ட பிறகுதான் பலருக்குப் புரிகிறது. சேர்ந்த முதல் நாளே வேலையில் விபத்து நடந்தாலும் 90 சதவீதச் சம்பளம் உண்டு. சாதாரண நோய்க்கு 70 சதவீதம், 91 நாள் வரை. ஆனால் அதற்கு ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் அரையாண்டில் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

இதுவரை சொன்னதை வைத்துப் பெரிய கம்பெனிக்கே போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் கற்பதில் கணக்கு தலைகீழாகும். பெரிய ஆலையில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் மெஷின்) ஆபரேட்டர் என்றால், புரோகிராம் ஒருவர் போடுவார், டூல் செட்டிங் இன்னொருவர், முதல் பீஸை அளப்பது தர ஆய்வுப் பிரிவு. ஆபரேட்டர் பீஸை ஏற்றி, பட்டனை அமுக்கி, இறக்குவார். இரண்டு வருடம் கழித்து இன்னொரு கம்பெனியின் டிரேட் டெஸ்டில், ஜி54 ஆஃப்செட் எடுத்துக் காட்டு, இன்சர்ட் தேய்ந்தால் எவ்வளவு திருத்தம் கொடுப்பாய் என்று கேட்டால் வாய் திறக்காது. ராணிப்பேட்டையில் நான்கு மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் பட்டறையில் இதே பையன் காலையில் டிராயிங் படிப்பான், பீஸைப் பிடிக்கும் தாடையைக் கடைவான், ஜீரோ எடுப்பான், மைக்ரோமீட்டரில் தானே அளப்பான், கெட்டுப்போன பீஸுக்குத் தானே பதில் சொல்வான். கெட்டுப்போன பீஸ் சொல்லிக்கொடுப்பதை எந்த வகுப்பும் சொல்லிக்கொடுக்காது.

ஃபேப்ரிகேஷன் பக்கம் இன்னும் தெளிவு. பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த யூனிட்டுகளில் டிப்ளமோ படித்தவர் ஒன்றரை வருடத்துக்குள் பிளேட்டின் சோதனைச் சான்றைச் சரிபார்ப்பது, வெட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வார்த்த இரும்பு என்று காட்டும் எண்) பஞ்ச் அடித்து மாற்றுவது, ஃபிட்-அப், வெல்டிங், டை பெனட்ரன்ட் சோதனை, ரேடியோகிராஃபி, ஆய்வாளரை அழைப்பது, பெயின்ட், லாரி ஏற்றுவது வரை எல்லாவற்றிலும் கை வைத்திருப்பார். ஹீட் நம்பர் மாற்றாமல் வெட்டிவிட்டால் பிளேட் நல்லதாக இருந்தாலும் கணக்கில் அது அடையாளமில்லாத இரும்பு, ஆய்வாளர் ஒதுக்கிவிடுவார். இந்த மாதிரிப் பாடமெல்லாம் பெரிய இடத்தில் ஒரு மேசையோடு நின்றுவிடும்.

வெல்டர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 6ஜி தேர்வு (சாய்த்து நிறுத்திய குழாயில் வெல்டிங் செய்து காட்டுவது) முடித்த சான்று எல்லா இடத்திலும் செல்லும் என்ற எண்ணம் இருக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி வெல்டரின் தகுதிக்கு அவரைத் தேர்வு செய்த நிறுவனமே பொறுப்பு. புதிய நிறுவனம் தன் பெயரில் மறுபடி தேர்வு வைக்கும். ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தாலும் தகுதி காலாவதி. சின்ன யூனிட்டில் டிக் (டங்ஸ்டன் மின்முனை கொண்டு செய்யும் வெல்டிங்) வேலை வருடத்தில் இரண்டு மாதம்தான் என்றால், டிக் கையும் சான்றும் சேர்ந்து போகும். டிக் வெல்டருக்குத் தொடர்ந்து டிக் வேலை இருக்கும் இடமே சரி; அது பெரும்பாலும் பெரிய இடம்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துப் பெண்களுக்கு நான் தயங்காமல் பெரிய ஷூ கம்பெனியைச் சொல்வேன், கம்பெனி ரோலாக இருந்தால். வீட்டோடு நடக்கும் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் யூனிட்டில் ஜோடிக் கூலி. ஏழெட்டு மெஷின். சட்டத்தின் எண்ணிக்கைக்குள் வராது. இ.எஸ்.ஐ. இருந்தால், அடுத்தடுத்த இரண்டு சந்தா காலங்களில் 70 நாள் சந்தா ஏறியவருக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். ஸ்கைவிங் (தோல் ஓரம் சீவுவது), ஸ்டிட்சிங் (தைப்பது), லாஸ்டிங் (அச்சில் ஏற்றுவது) என்று ஒரே பிரிவில் வருடக்கணக்காக உட்காரவைப்பார்கள் என்ற குறை உண்மைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுப்பதில் தவறில்லை.

டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலையில் நிறுவனத்தின் அளவைவிடப் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த கழிவு, அமிலம் கலந்த கழிவோடு தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை. அடர்த்தி கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது, அப்போதுதான் ஆபத்து. துணி கட்டிக்கொண்டு இறங்குவது எதற்கும் உதவாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்தே சாகிறார். தொட்டியில் ஆள் இறக்கும் இடம் எதுவானாலும் வேலையே வேண்டாம். தொழிற்சாலைக்குள்ளேயே தங்க இடம் என்பதையும் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

சேருவதற்கு முன் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்ற பகுதியில் பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது வரும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்று மாதப் பணத்தை ஒரே நாளில் கட்டியிருந்தால் அங்கே சம்பளமும் இழுக்கும். அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் இருபத்திரண்டு பேருக்கு மட்டும் கட்டியிருந்தால், உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. தளத்திலும் எண்ணைப் போட்டு ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு வாசலுக்கு எதிர் டீக்கடை: போன மாதச் சம்பளம் எந்தத் தேதி? சட்டப்படி 7-ஆம் தேதிக்குள். நேர்காணலில் முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை கஸ்டமர், பெரிய கஸ்டமரின் பங்கு எவ்வளவு? பாதிக்கு மேல் ஒருவரையே நம்பியிருந்தால், அங்கே ஆர்டர் நின்ற மாதம் இங்கே அடுப்பு நிற்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பல முதலாளிகள் கேட்பதில்லை.

பெரிய கம்பெனிக்கும் இதே நோய் உண்டு. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அந்த நாட்டு ஆர்டரை மட்டும் நம்பியிருந்த தோல் ஏற்றுமதியாளர் பெரியவரா சிறியவரா என்று வரி பார்க்கவில்லை. முதலில் குறைவது ஓ.டி. (கூடுதல் நேர வேலை), அடுத்து ஒப்பந்த ஆட்கள்.

தாள் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். காட்டிவிட்டு நகல் கொடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் என்றிருந்தால் பி.எஃப். பணம் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேரும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். பழைய யு.ஏ.என். (பி.எஃப்.-இன் பொதுக் கணக்கு எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புதிது வேண்டாம். பட்டறையை மூடிவிட்டுப் போன முதலாளி விலகிய தேதியைப் பதியாவிட்டாலும், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஊழியரே பதியலாம். பாண்ட் கேட்டால் தொகையையும் காலத்தையும் படித்த பிறகே கையெழுத்து. மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. "பாண்டெல்லாம் சும்மா" என்ற அறிவுரையை இனி நம்ப முடியாது.

என் கருத்து இது. வீட்டில் தொடர் சிகிச்சையில் ஒருவர் இருந்தாலோ, உங்கள் சம்பளத்தை நம்பிக் கடன் ஓடிக்கொண்டிருந்தாலோ, இ.எஸ்.ஐ., பி.எஃப். உள்ள ரோல் எங்கே கிடைக்கிறதோ அங்கே போங்கள், ஒப்பந்த ரோலாக இருந்தாலும். அந்த நெருக்கடி இல்லாத ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பையன்கள் ஒரு வருட அப்ரன்டிஸுக்குப் பிறகு, பி.எஃப். கட்டும், மூன்று கஸ்டமராவது உள்ள சிறிய யூனிட்டில் இரண்டு மூன்று வருடம் செட்டிங் வரை கற்றுக்கொண்டு, பிறகு பெரிய கம்பெனியின் சொந்த ரோலுக்கு விண்ணப்பிக்கலாம். வாலாஜாவிலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து பட்டன் அமுக்குவதைவிட அது மேல். போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. எட்டு மணி நேர ஷிஃப்ட் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. அந்தக் களைப்பில் மாலை வகுப்பில் பகுதிநேர டிப்ளமோ படிப்பதெல்லாம் பேச்சோடு சரி.

மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. முகாமுக்கு வரும் ஒவ்வொரு நிறுவனத்தின் மேசையிலும், தங்கள் பக்கங்களில் வரும் அறிவிப்பிலும், நியமனக் கடிதம் யார் பெயரில், அவர்களின் பி.எஃப். பதிவு எண், பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை, வேலை செய்யும் இடம் என்ற நான்கையும் கட்டாயம் எழுதவைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் என்றால் ஒப்பந்ததாரர் என்றே பலகையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளர் பிரிவு அலுவலர்,
வாலாஜாபேட்டை